இடப்பக்கம் சாய்ந்தபடி ஓர் இறந்தகாலம்

பிரெஞ்சு மொழியின் பஸ்ஸே சேம்ப்ல் என்னும் இறந்தகாலம் செத்துப்போய்விட்டது என்று படித்தவர்கள் நடுவே ஒரு பேச்சு நெடுநாளாக உலவுகிறது. பாரிஸில் யாரும் அதை வாயில் வைப்பதில்லையாம். காதலர்கள் அதில் சண்டை போடுவதில்லை, பொய்ச்சாட்சி சொல்கிறவன்கூட அதில் பொய் சொல்வதில்லை, பழைய நாவல்களின் பக்கங்களுக்குள் பஞ்சடைத்த புலியைப் போல நிற்கிறது, அவ்வளவுதான் என்கிறார்கள். இந்தச் செய்தி உண்மைக்குப் புறம்பானது. எவ்வளவு சீக்கிரம் திருத்தப்படுகிறதோ அவ்வளவுக்கு உலகத்துக்கு நல்லது. மேற்படி இறந்தகாலம் உயிரோடு இருக்கிறது. காரைக்காலில், அரசலாற்றுப் பாலத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடி வீட்டின் தெற்குப் பார்த்த அறையில், ஒரு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு பத்துக்கு, முப்பத்தொரு வாரக் கர்ப்பிணி ஒருத்தியின் உதட்டில் அது இருந்தது. அவள் பெயர் மங்கையர்க்கரசி. கல்லூரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையை வைத்து, இடப்பக்கம் சாய்ந்து படுத்து, வருதல் என்ற வினைச்சொல்லைத் திரித்துக்கொண்டிருந்தாள். ழெ வேன், த்யு வேன், இல் வேன், நூ வேன்ம், வூ வேன்த், இல் வேன்ர். வந்தேன், வந்தாய், வந்தான், வந்தோம், வந்தீர்கள், வந்தார்கள். ஆறும் முடிந்தது. வயிற்றில் ஒன்றும் அசையவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

காலை ஐந்து நாற்பதுக்கு, பால்காரர் வாசலில் மணியடித்தபோது, வலது விலாவுக்குக் கீழே ஓர் உதை விழுந்தது. அதற்குப் பிறகு இல்லை. குளிக்கும்போது இல்லை, விடைத்தாள் திருத்தும்போது இல்லை, மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிட்டபோதும் இல்லை. காரம் உள்ளே போனால் பிள்ளை வழக்கமாகத் திரும்பிப் படுக்கும். இப்போது யோசித்தால் அந்த ஐந்து நாற்பது உதையே கனவோ என்று இருக்கிறது. மணி அடித்தது நிஜம், பால் வந்தது நிஜம், அடுப்பில் காய்ச்சியாயிற்று, ஆனால் பால் நிஜமாக இருப்பதால் உதையும் நிஜமாகிவிடாது. "மதியம் சாப்பிட்டுட்டு இடப்பக்கமா படுங்க மேடம், அசையறத எண்ணுங்க, ரெண்டு மணி நேரத்துல பத்து வரணும்" என்று மருத்துவமனை நர்ஸ் சொல்லியிருந்தாள். எண்ணுவதற்கு ஒன்று இரண்டு மூன்று என்று எல்லாரும் அறிந்த வழி இருக்கிறதுதான். ஆனால் ஒன்று வருவதற்கு முன்னால் எங்கே காத்திருப்பது? பூஜ்யத்தில் ஒரு மனுஷி எவ்வளவு நேரம் படுத்திருக்க முடியும்? வினைச்சொல் அப்படியில்லை. அதில் ஆறு நாற்காலி போட்டிருக்கிறது. யாரும் வராவிட்டாலும் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டே இருக்கலாம். முதல் உதை வந்தால் அதை முதல் நாற்காலியில் உட்காரவைத்து, ழெ வேன், நான் வந்தேன் என்று பெயர் எழுதலாம். அதனால்தான் திரித்துக்கொண்டிருந்தாள். மூட நம்பிக்கை ஒன்றுமில்லை. கொஞ்சம் இருந்தாலும் அதை யாரும் பார்க்கவில்லை. நாத்தனார் கோதை கூடத்தில் தையல் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அது ஒரு விஷயம் ஆகிவிடும். சொல்லாதவரை அது வெறும் மதியம்.

வேன் என்று கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்காட்டும் நாளில் வகுப்பு சிரிக்காமல் இருந்ததே இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் "மேடம், வேன் வந்துடுச்சு, கெளம்பலாமா?" என்பான். ஒவ்வொரு வருஷமும் ஒருத்தன் இருப்பான். ஒவ்வொரு வருஷமும் அவன் தான்தான் முதலில் கண்டுபிடித்ததாக நினைப்பான். அவளும் முதல்முறை கேட்பதுபோல் முறைப்பாள். அதுவும் சம்பளத்துக்குள் அடங்கியதுதான். பிறகு அவர்களுக்கு விளக்குவாள். இந்தக் காலத்துக்கு எளிய இறந்தகாலம் என்று பெயர், வைத்தவர் குறும்புக்காரர், இதில் எளியது ஒன்றுமில்லை. மற்ற இறந்தகாலங்களுக்கு ஒரு வால் உண்டு, நேற்றுச் சாப்பிட்டேன் என்றால் இன்றைக்கும் ஏப்பம் வரும். இதற்கு வால் கிடையாது. இது கதவைச் சாத்திவிட்டு வந்தவன் பேசுகிற பேச்சு. நடந்தது, முடிந்தது, இன்றைக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை. நல்ல விளக்கம் என்று நினைத்திருந்தாள். குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடுகூடப் போட்டிருந்தாள். இப்போது இடப்பக்கம் படுத்துக்கொண்டு அந்த அடிக்கோட்டைப் பார்க்கப் பிடிக்கவில்லை. முடிந்துபோனவற்றின் காலத்தில் போயா வயிற்றுப் பிள்ளையை வா வா என்று கூப்பிடுவது? வேறு காலத்துக்கு மாற்றினாள். வந்துகொண்டிருந்தேன், வந்துகொண்டிருந்தாய். அது தொளதொளவென்று, கட்டாத வேட்டி மாதிரி, எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்று தெரியாமல் கிடந்தது. எதிர்காலத்துக்குப் போனாள். அது அதைவிட மோசம். வருவேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களை அவளுக்குத் தெரியும். பழைய வேனிலேயே திரும்பி ஏறினாள்.

வராதவர் ஒருவர்தான். பெயர் வைக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜூலையில், இருபத்திரண்டாவது வாரத்தில். மருத்துவர் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தி, நகர்த்தி, பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் அந்தத் திரை திரும்பிய சத்தம் கேட்டது, கீல் ஒன்றுக்கு எண்ணெய் போடவில்லை. எப்போதிலிருந்து அசைவு இல்லை என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. முதல் நாள் காலை இருந்ததா? மத்தியானம்? மூன்றாமாண்டு வகுப்பில் நின்றுகொண்டிருந்தாள், அது நினைவிருக்கிறது. கரும்பலகையில் இருந்த வினைச்சொல்லும் நினைவிருக்கிறது, மௌனமாதல், அதிலும் இதே காலம், இல் ஸ த்யூ, அவன் மௌனமானான். சாக்பீஸ் உடைந்து பாதித் துண்டால் எழுதியது நினைவிருக்கிறது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் கொட்டாவி விட்டது நினைவிருக்கிறது. வயிறு மட்டும் நினைவில்லை. இவ்வளவையும் பார்த்தவள் அதை எப்படிப் பார்க்காமல் போனாள்? எழுத்து எழுத்தாக உச்சரிப்பைத் திருத்துகிறவள், எழுத்தின் தலைமேல் போடும் ஒரு கூரை அடையாளம் விட்டுப்போனால் அரை மதிப்பெண் குறைக்கிறவள். அன்றைக்கு வேறு வினைச்சொல்லை நடத்தியிருந்தால் என்று ஆரம்பிக்கும்போதே அது முட்டாள்தனம் என்று தெரிந்தது. தெரிந்தே அந்த வாக்கியத்தை முடித்தாள். அதன் பிறகு அவள் அந்த வினைச்சொல்லை நடத்தியதில்லை. பாடத்திட்டத்தில் இருக்கிறது. வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவாள். ழெ வேன். த்யு வேன். இல்.

செல்போன் தலையணைக்கு அடியில் துடித்ததும், அவள் உடம்பு முழுவதும் ஒரு கணம் அதுதான் என்று நம்பியது. அதில்லை, கணவன் புகழேந்தி. ஏனாமிலிருந்து. பொதுப்பணித்துறையில் வேலை. புதுச்சேரி அரசு தன் ஊழியர்களை ஏனாமுக்கு மாற்றும்போது அது ஒரே யூனியன் பிரதேசத்துக்குள் நடக்கிற மாறுதல் என்று உத்தரவில் சொல்லும், நடுவில் கிடக்கும் எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டரைப் பற்றி உத்தரவு ஒன்றும் சொல்வதில்லை. ஆறு மாதமாக அங்கே தெலுங்கில் இட்லி கேட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். "என்ன பண்றே மங்கை?" என்றான். "படுத்திருக்கேங்க." "பய என்ன பண்றான்?" அவள் சுவரைப் பார்த்தாள். சுண்ணாம்பு உரிந்த இடத்தில் தமிழ்நாட்டு வரைபடம்போல் ஒன்று, காரைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ஆணி. "தூங்குறான்" என்றாள். "என்னை மாதிரி. சாப்பிட்ட உடனே கட்டையைச் சாச்சுடுவான்." "பொண்ணா இருந்தா?" "பொண்ணா இருந்தா உன்னை மாதிரி. தூங்கிக்கிட்டே தப்பு கண்டுபிடிப்பா." சிரித்தாள். சிரித்தால் வயிறு குலுங்கும், குலுங்கினால் அது விழிக்கும் என்று இன்னும் கொஞ்சம் சிரித்தாள். விழிக்கவில்லை. "என்ன, இவ்வளவு சிரிப்பு? நான் அப்படி ஒண்ணும் சொல்லலையே" என்றான். அவனுக்கு எப்போதும் சந்தேகம் இப்படித்தான் வரும், நல்லதைப் பார்த்தால். "ஒண்ணுமில்லீங்க, வெயில்" என்றாள். வெயிலுக்கும் சிரிப்புக்கும் என்ன தொடர்பு என்று அவன் கேட்பதற்குள் யாரோ அவனைத் தெலுங்கில் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டான். தூங்குறான் என்று சொன்னது பொய்யா என்று யோசித்தாள். தெரியாததைச் சொல்வது பொய் ஆகாது. பரீட்சையில் அதற்கு மதிப்பெண் குறைப்பதுண்டு, பொய் என்று எழுதுவதில்லை.

மின்சாரம் போயிற்று. மின்விசிறி நாலைந்து சுற்று மரியாதைக்காகச் சுற்றிவிட்டு நின்றது, கூடத்தில் தையல் இயந்திரமும் நின்றது. தெருவில் ஒருத்தி வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டு போனாள். பிறகு அவளும் இல்லை. இவ்வளவு நிசப்தத்தில் உடம்புக்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. காதுக்குள் நாடி. விலாவுக்குள் மூச்சு. குழம்பு இறங்கும் வழியில் ஒரு கடமுடா, அதற்கு அவள் எழுந்தே விட்டாள், ழெ என்றுகூடச் சொல்லிவிட்டாள், பிறகு அது சங்கரா மீன் என்று தெரிந்து வாபஸ் வாங்கிக்கொண்டாள். தொப்புளுக்குக் கீழே ஒரு துடிப்பு, கையை வைத்தால் அது தன்னுடையதே, விரலின் துடிப்பு. இதெல்லாம் வரிசையாக வந்து அந்த முதல் நாற்காலியில் உட்காரப் பார்த்தன. ஒவ்வொன்றையும் எழுப்பிவிட்டாள். விடைத்தாளில் தாராளமாக இருக்கச் சொல்லி எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறார்கள், கிட்டத்தட்ட சரிதானே மேடம் என்று. கிட்டத்தட்ட என்று ஒரு பதில் கிடையாது என்பாள். இப்போது அந்தக் கிட்டத்தட்டவை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். வயிற்றைத் தட்டினாள். தட்டுவது தப்போ என்று தடவினாள். தடவியது போதாதென்று, யாருக்கும் கேட்காமல், கதவு தட்டுகிற குரலில், த்யு வேன் என்றாள். நீ வந்தாய். வந்தாயா என்று கேட்கத்தான் நினைத்தாள்.

"யாரோட பேசறீங்க அண்ணி?" கோதை கதவடியில் நின்றாள், கழுத்தில் அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசி. தபால் நிலையத்தில் வேலை, சனிக்கிழமை மதியம் முதல் ரவிக்கை தைப்பாள். "பாடம்" என்றாள் மங்கை. "கரண்டு போனா நான் மெஷினை நிறுத்தறேன், நீங்க பாடத்தை நிறுத்தமாட்டேங்கறீங்க. குட்டிக்கு இப்பவே டியூஷனா? பாவம் அது, வெளிய வந்து அம்மாங்கறதுக்குப் பதிலா மேடம்ங்கப் போவுது." மங்கை வயிற்றின்மேல் இன்னொரு கையையும் வைத்தாள். கோதை குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள். "அசைஞ்சுதா?" "காலைல." "காலைலன்னா?" "அஞ்சு நாப்பதுக்கு. இருக்கலாம்." "இருக்கலாமா?" "கோதை, ரெண்டு மணி நேரம் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க. நாலு பத்து வரைக்கும் இருக்கு." "அது காலைலேருந்து அசைஞ்ச புள்ளைக்குச் சொன்ன கணக்கு. மணி மூணாவுது, ஒம்பது மணி நேரமா இதை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு மீன் தின்னிருக்கீங்க. அண்ணன் இருந்தா இப்பிடித்தான் பண்ணுவீங்களா?" "அண்ணன்ட்ட சொல்லிடாதே." "அவன்ட்ட சொல்லி என்ன ஆவப்போவுது, ஏனாம்லேருந்து உருண்டா வருவான்? நீங்க படுங்க. எந்திரிக்காதீங்க. நான் ஆட்டோவுக்குச் சொல்லிட்டுப் புடவையை மாத்திக்கிட்டு வந்துடறேன். பத்தே நிமிஷம்." போகிற போக்கில் மேசைமேலிருந்த தண்ணீரை எடுத்துக் கையில் திணித்துவிட்டுப் போனாள். கோபமாகப் போனாள். மங்கைக்கு அந்தக் கோபம் நன்றாக இருந்தது. ஒன்பது மணி நேரமாகத் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்ததன் ஒரு கைப்பிடியை யாரோ பிடித்தாற்போல.

பத்து நிமிஷம். அதில் ஏழு நிமிஷம் போய்விட்டிருக்கும். கூடத்தில் பீரோ திறக்கும் சத்தம், கோதை தொலைபேசியில் "சந்து வேணாம், பெரிய ரோட்டுலயே வாங்க, குலுங்கக் கூடாது" என்பது கேட்டது. திரை எந்தப் பக்கம் இருக்கும், கீலுக்கு எண்ணெய் போட்டிருப்பார்களா, இன்றைக்குச் சனிக்கிழமை, அந்த மருத்துவரே இருப்பாரா, எப்போதிலிருந்து என்று கேட்டால் இந்தத் தடவை அவளிடம் பதில் இருக்கிறது, ஐந்து நாற்பது, பால்காரர், வலது விலா. இந்த முறை கவனித்தேன் டாக்டர். கவனித்தவளுக்கு அதற்காக ஏதாவது தருவார்களா? நூ வேன்ம். வூ. அப்போது அடிவயிற்றில், இடது ஓரத்தில், டொக் என்றது. மங்கை மூச்சை நிறுத்தினாள். டொக். மீன் இல்லை. விரல் இல்லை. டொக். மூன்று நொடிக்கு ஒன்று, ஒரே அளவாக, ஒரே இடத்தில், கடிகாரத்துக்குக் குடிமயக்கம் வந்தாற்போல. விக்கல். பிள்ளைக்கு விக்கல் எடுத்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது, துடைக்கக் கையை எடுத்தால் வயிற்றிலிருந்து எடுக்கவேண்டும் என்று துடைக்கவில்லை. விக்குகிறது. விக்குவதற்கு உள்ளே ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாமல் விக்கல் மட்டும் தனியாக வந்ததாக எங்கும் இல்லை. கோதை என்று கூப்பிட வாயெடுத்தவளுக்கு நர்ஸ் கடைசியாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. "விக்கல் கணக்குல வராது மேடம், ஆமா." அப்படியானால் இது கணக்கில் இல்லை. நாற்பது, ஐம்பது தடவை டொக்கென்றாகிவிட்டது, ஒன்றுகூட முதல் நாற்காலிக்குத் தகுதியில்லை. விதி விதிதான். அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, ஐம்பதையும் அவள் எண்ணாமல் விட்டாள். வேறு யாராக இருந்தாலும் ஒரு இரண்டு மூன்றையாவது சேர்த்திருப்பார்கள்.

விக்கல் நின்றது. அது நின்ற இடத்தில் அவளும் நின்றாள். பிறகு, இதென்ன தொல்லை என்று அலுத்துக்கொள்கிறவர் போல, உள்ளே ஒருவர் முழுசாகப் புரண்டார். வயிறு ஒரு பக்கம் மேடாகி, ரவிக்கை விளிம்பு நகர்ந்தது. ழெ வேன் என்று சத்தமாகவே சொன்னாள். எங்காவது குறிக்கவேண்டும். நர்ஸ் கொடுத்த அட்டை கூடத்தில் குளிர்பெட்டிமேல் ஒட்டியிருக்கிறது, எழுந்தால் இடப்பக்கம் போய்விடும். கைக்கெட்டிய தூரத்தில் பாதி திருத்திய விடைத்தாளும் சிவப்புப் பேனாவும் கிடந்தன. எதன்மேல் குறிக்கிறோம் என்று பார்க்காமல் ஓரத்தில் ஒரு டிக் போட்டாள். முழங்கையோ குதிகாலோ, விலாவுக்குக் கீழே ஓர் இடி. த்யு வேன். டிக். மூன்றாவது உடனே. நான்காவதுக்குக் கொஞ்சம் காக்கவைத்தது. நூ என்பதை மாணவர்கள் நாமா நாங்களா என்று கேட்பார்கள், பிரெஞ்சுக்காரனுக்கு அந்தக் கவலை இல்லை, இடம் பார்த்து எழுதுங்கள் என்பாள். நூ வேன்ம், நாம் வந்தோம், டிக். வூ என்று மரியாதையாகக் கூப்பிட்டதும் ஐந்தாவது மரியாதையில்லாமல் நேராகச் சிறுநீர்ப்பையில் விழுந்தது. ஆறாவது இல் வேன்ர், அவர்கள் வந்தார்கள், எத்தனை பேர்தான் இருக்கிறார்கள் உள்ளே? வினைச்சொல் தீர்ந்துவிட்டது. இன்னும் நான்கு வேண்டும். வேறு சொல் தேடினாள், கைக்கு முதலில் வந்தது தங்குதல். ழெ ரெஸ்தே. டிக். த்யு ரெஸ்தா. டிக். மின்விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்தது, விடைத்தாள் படபடத்தது, முழங்கையால் அழுத்திக்கொண்டாள். இல் ரெஸ்தா. தங்கினான், அல்லது தங்கினாள், இருவரும் தங்கட்டும். டிக். நூ ரெஸ்தாம்.

"அண்ணி, ஆட்டோ நிக்குது, செருப்பு நான் மாட்டிவிடறேன், குனியாதீங்க" என்று வந்த கோதை, அண்ணியின் முகத்தைப் பார்த்து நின்றாள். "பத்து" என்றாள் மங்கை. "என்ன பத்து?" "பத்து வந்துடுச்சு. விக்கல் சேர்க்காம." கோதை கட்டிலில் உட்கார்ந்தாள். புடவை ஒரு பக்கம் இன்னும் கொசுவம் வைக்காமல் தொங்கியது. கையை நீட்டி வயிற்றில் வைத்தாள், பதினொன்றாவது அவள் கைக்குக் கிடைத்தது. "கழுதை" என்றாள், "ஒரு ஊரையே எழுப்பிட்டு இப்ப ஆடுது பாரு." பிறகு மூக்கைப் புடவையில் துடைத்துக்கொண்டு நர்ஸுக்குத் தொலைபேசியில் சொன்னாள். பத்தும் இவ்வளவு சீக்கிரம் வந்ததா என்று நர்ஸ் கேட்டாள், ஆட்டோ வந்திருந்தால் அப்படியே வந்து ஒரு தடவை இதயத்துடிப்பைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்றாள். போனார்கள். பெரிய ரோட்டிலேயே போனார்கள். நிமிஷத்துக்கு நூற்று நாற்பத்திரண்டு. திரும்பும்போது மங்கை வெள்ளரிப்பிஞ்சு கேட்டாள், ஆட்டோவை நிறுத்தி வாங்கினார்கள், மிளகாய்ப்பொடி போதாதென்று கோதை விற்றவளோடு சண்டை போட்டாள்.

மங்கை திருத்துகிற தாள்களுக்குக் கூட்டல் போடுவது எப்போதும் கோதைதான். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது, ஒரு டிக்குக்கு ஒரு மதிப்பெண். ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டினாள். பதினேழாம் எண் தாளில், மூன்றாவது கேள்விக்கு, ஆறு மதிப்பெண்ணுக்குப் பத்து விழுந்தது. திங்கட்கிழமை துறைத்தலைவர் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டார்.